பச்சைப் புள்ளிக்கு ஒரு மாத்தாள்

உட்கார்ந்து பார்க்கிற வேலையில் ஒருவனுக்கு என்ன நோவு வந்துவிடும் என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. அவர்களைச் சொல்லி என்ன, நானும் அந்தக் கட்சிதான். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள் நான். காலையில் கடை திறந்தால் இரவு சாத்தும்வரை உட்காரக் கூடாது. முக்காலிகள் வரிசையாக இருக்கும், அவை வாடிக்கையாளருக்கு. சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிச் செருப்பின் வார் சதைக்குள் புதைந்துவிடும். அப்படி வீட்டுக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் சாய்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பியைக் கண்டால் எனக்கு இரக்கமா வரும்? "உனக்கென்னடா ராஜா" என்பேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் வாய்க்கால் ஓரமாக இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். பிறகு அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே சாகுபடி செய்ய ஆரம்பித்தார். அதில் வேலை இல்லாத நாட்களில் பழையபடி கூலிக்கும் போவார். எனக்குக் கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டேன். தம்பிதான் எங்கள் தெருவின் முதல் இன்ஜினியர். கல்லூரியில் படிக்கும்போதே சென்னைக் கம்பெனி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. செய்தி வந்த அன்று அப்பா தெருவில் எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். ஏன் பன் என்றால், கடையில் அன்றைக்கு அதுதான் மிச்சம் இருந்தது.

கொரோனா வந்தபோது கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது. தம்பி லேப்டாப்போடு ஊருக்கு வந்தான். கொரோனா போனது, கம்பெனி வாடகைக் கட்டடத்தைக் காலி செய்தது, தம்பி இங்கேயே தங்கிவிட்டான். பிள்ளை கண்முன்னே இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பளம் வர வர செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்கி, பழைய வீடு இருந்த இடத்தில் தளம் போட்ட வீடு எழும்பியது. மேல் தளத்துக்கும் தூண் எழுப்பிவிட்டான். கீழே ஒரு அறையை அவனுக்கே ஒதுக்கினோம். கட்டில், அதன் தலைமாட்டில் ஒரு மேசை, மேசைமேல் லேப்டாப். அதுதான் அவன் ஆபீஸ்.

அவன் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வெளிநாட்டில் பெரிய பெரிய கடைகள். அங்கே பில் போடுகிற ஏற்பாடு மக்கர் செய்தால், இவன் இங்கே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். குறை ஒன்று வந்தால் அதற்கு 'டிக்கெட்' என்று பெயர். "இன்னைக்கு எத்தன டிக்கெட்டு தம்பி?" என்று அப்பா பஸ் கண்டக்டரைக் கேட்பதுபோல் கேட்பார். அந்த ஊர்க் கடைகள் திறந்திருக்கும் நேரத்துக்குத்தான் இவனுக்கு வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து, நான் கடையிலிருந்து வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை ஓடும் என்று பேச்சு. பேச்சுதான். காலையில் பல் விளக்கும்போதே அது டிங் என்று கூப்பிடும். சாப்பிடும்போது கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்து அவன் முதல் வாய் வைக்கும்போது பார்த்துக் கூப்பிடும். சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவான்.

ஆரம்பத்தில் அந்த வேலைக்கு நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். ஒருவன் வேறு கம்பெனிக்குத் தாவினான். இன்னொருவனைக் கம்பெனியே அனுப்பிவிட்டது. யாருக்குப் பதிலும் ஆள் போடவில்லை. நாலு பேர் வேலை ஒருவன் தலையில் விழுந்தது. இதையே வயலில் செய்திருந்தால், "என்னால ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கூலியாள் கரையேறி வந்திருப்பான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இவனோ எல்லாவற்றுக்கும் சரி என்றான். அவனுடைய மேனேஜர் திட்டுகிற ஆளும் இல்லை. திட்டுகிற ஆளாக இருந்திருந்தால் நாங்களும் பதிலுக்கு நாலு வார்த்தை சபித்துவிட்டு ஆறியிருப்போம். அவர் எல்லாவற்றையும் 'ப்ளீஸ்' போட்டுத்தான் கேட்பார்.

முதலில் பல் வலி வந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான் என்று அம்மா சொன்னாள். பாபநாசத்தில் பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார், வலி அடுத்த பல்லுக்குப் போனது. பிறகு வயிறு. வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் தினமும் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். கும்பகோணத்தில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை, கேஸ்தான் என்றார்கள். அவனுக்கு வாங்கிய கேஸ் மாத்திரைக் காசில் இன்னொரு அறை கட்டியிருக்கலாம். அதன் பிறகு நெஞ்சு படபடப்பு, அதற்கு ஒரு டாக்டர். முடி கொட்டியது, அதற்கு ஒரு தைலம். இத்தனை பேரில் ஒருவர்கூட, நீ என்ன வேலை பார்க்கிறாய் தம்பி என்று அவனைக் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. வேலைதான் எங்கள் வீட்டில் நன்றாக இருந்த ஒரே சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கம்பெனி சும்மா இருந்தது என்று பழி போட முடியாது. மன நலத்துக்காக ஒரு வாரம் கொண்டாடினார்கள். தினமும் வேலை முடிகிற நேரத்தில் ஒரு அம்மாள் திரையில் வந்து மூச்சை இழுத்து விடச் சொன்னாள். எல்லோரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். நான் கதவருகே நின்று பார்த்தேன். தம்பி மூச்சை இழுத்துக்கொண்டே டைப் அடித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள், "இப்போது மனதில் ஒன்றுமே இல்லை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. ஊரெல்லாம் இரண்டாம் போகத் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. அன்று எனக்குக் கடையில் வார விடுமுறை என்பதால் எல்லாம் என் கண்முன்தான் நடந்தது. காலையிலேயே ஏதோ அவசரம் என்று தம்பி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தான். மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனால் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. காய்ச்சல் இல்லை.

"எந்திரி சாமி, சோறு ஆறுது" என்றாள் அம்மா.

"முடியலம்மா."

"எங்க முடியல? கையா, காலா?"

அம்மா அவன் உடம்பை ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டு, இங்கேயா, இங்கேயா என்று கேட்டாள். எங்கே தொட்டாலும் அவன் தலையை அசைத்து இல்லை என்றான். பிறகு அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. அழுகைச் சத்தமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

அந்த நேரத்தில்தான் அப்பா வயலிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் பார்வை மகனைத் தாண்டி லேப்டாப்புக்குப் போனது. "பாப்பா, மஞ்சளாயிடிச்சி பாரு" என்றார் என்னிடம். தம்பி எப்போதோ விளையாட்டாகச் சொல்லியிருந்தான், பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம், கொஞ்ச நேரம் மவுஸைத் தொடாமல் விட்டால் அது மஞ்சளாகிவிடும், மஞ்சளானால் எங்கே போனாய் என்று கேட்பார்கள் என்று. அப்பா அதை மறக்கவில்லை. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினார். பச்சை வந்தது.

"வந்துடிச்சி!" என்றார். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததுபோல் இருந்தது அவர் முகம்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்கள் கும்பலாகக் கூலி பேசிக்கொண்டு போவார்கள். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டவருக்கு அன்றைக்கு உடம்பு முடியாமல் போனால், அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் போய் நிற்பார். அவருக்கு மாத்தாள் என்று பெயர். அக்காளுக்குப் பதில் தங்கை, மாமியாருக்குப் பதில் மருமகள். கூலி குறையாது. அதைவிட முக்கியம், கும்பலில் இருக்கும் இடம் போகாது. ஒரு நடவுக்குப் போகாமல் நின்றுவிட்டால் அடுத்த நடவுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், அதோடு அந்த வீட்டு அடுப்பு எரியாது. அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தபோது, அப்பா அவளுக்கு மாத்தாளாகப் போய்ப் பெண்கள் வரிசையில் குனிந்து நாற்று நட்டிருக்கிறார். ஊரே சிரித்ததாம். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, ஒரு ஆளும் கொறையல பாத்தியா" என்பார்.

அன்றைக்கும் அதையேதான் சொன்னார். "தம்பிக்கு ரெண்டு நாளு முடியல. அதுக்காவ வேலைய விட்டுட முடியுமா? மாத்தாளு போறதில்லையா, அது மாதிரி நாம பாத்துக்குவோம். அவன் நல்லாப் படுத்து எந்திரிக்கட்டும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மாவுக்கும்தான்.

இரண்டு நாளில் அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். மதியம் அப்பா வயலிலிருந்து வந்து, கைகால் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார். வீட்டில் சட்டை போடுகிற பழக்கமே இல்லாத மனிதர். கேட்டால், "ஆபீசுல்ல" என்பார். விளக்கு வைத்த பிறகு அம்மாவின் முறை. மவுஸைப் பிறந்த குழந்தையைத் தொடுவதுபோல் ஒரு விரலால் தொட்டு உடனே எடுத்துவிடுவாள். நான் கடையிலிருந்து வந்ததும், வீங்கின காலைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தைப் பார்த்துக்கொள்வேன்.

லேப்டாப்பைத் திறக்கத் தம்பியின் விரல் ரேகை வேண்டும். தினமும் மதியம் அப்பா அவன் கையை மெதுவாகத் தூக்கி, விரலைத் துண்டால் துடைத்து, லேப்டாப்பின் மூலையில் வைப்பார். தம்பி கையை இழுத்துக்கொள்ள மாட்டான். திறந்ததும் கையைத் திரும்பக் கொண்டுபோய்ப் போர்வைக்குள் வைத்துவிடுவார். "நீ தூங்குப்பா, நான் பாத்துக்கறேன்" என்பார். மஞ்சள் ஆகப் போகிறது என்று தெரிந்தால் அவருக்கு முன்கூட்டியே உள்ளங்கை பரபரக்கும். சில சமயம் வேண்டுமென்றே மஞ்சளாக விட்டு, பிறகு பச்சையாக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவார். மகன் என்ன வேலை செய்கிறான் என்று புரியாமலே இத்தனை வருஷம் பெருமைப்பட்டவர். இப்போது அந்த வேலையில் தானும் கை கொடுக்கிறோம் என்று அவருக்கு ஒரு மிதப்பு. அந்த நாட்களில் அவர் தெருவில் நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது.

செய்தி வந்தால் டிங் என்று சத்தம் வரும். அதை எப்படி நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியாது. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. சத்தம் கேட்டால்தானே பதில் போட முடியும்?

பதில் போடுவது என் பொறுப்பு. பிளஸ் டூ வரைக்கும் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் என்ன எழுத? பக்கத்தை மேலே தள்ளி, தம்பி முன்பு போட்ட பதில்களைத் தேடி, அதையே பார்த்து அடித்தேன். 'ஷ்யூர்.' 'ஓகே.' 'இன்றைக்கு முடித்துவிடுகிறேன்.' அப்படித் தேடிக்கொண்டு மேலே போகப் போக, எங்கே பார்த்தாலும் 'சாரி' என்று இருந்தது. தாமதத்துக்கு சாரி. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காததற்கு சாரி. மழையில் நெட் போனதற்கு சாரி. அத்தை இறந்து அடக்கத்துக்குப் போன அன்று அரை நாள் வராததற்குக்கூட சாரி. எங்கள் வீட்டில் அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. சின்ன வயதில் என் சைக்கிளை வாய்க்காலில் தள்ளிவிட்டபோது அம்மா விளக்குமாற்றால் அடித்தும் கேட்கவில்லை. அவ்வளவு திமிர் பிடித்த பயல், முகம் தெரியாத யார் யாரிடமோ இப்படிக் கும்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். எனக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே அதில் ஒரு சாரியை எடுத்து, அன்றைக்கு வந்த கேள்விக்குப் பதிலாகப் போட்டேன்.

கார்த்திகை பிறந்த பிறகு, எனக்குக் கடை விடுமுறையான ஒரு நாளில், மதியம், தம்பியின் போன் அடித்தது. அதற்கு முன்பும் அடித்திருக்கிறது, எடுக்காமல் விட்டிருக்கிறோம். அன்று விடாமல் அடித்ததால் அப்பா என்னை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பேசியது கம்பெனியிலிருந்து ஒரு பெண். நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினாள். முகத்தைக் காட்டச் சொன்ன கூட்டங்களுக்குத் தம்பி வரவில்லையாம், டிக்கெட் எதுவும் நகரவில்லையாம்.

"நான் அவனோட அப்பா பேசறேம்மா. தம்பிக்கு உடம்பு முடியல" என்றார் அப்பா.

"எப்பலேருந்து சார்?"

"ஐப்பசியிலேருந்தும்மா."

"ஆனா சிஸ்டம் தினமும் ஆக்டிவா இருக்கே சார். யார் யூஸ் பண்றாங்க?"

நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். அவருக்கு அது புரியவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார்.

"நாங்கதாம்மா பாத்துக்கறோம். நானு, அவங்கம்மா, அவங்கக்கா, மாத்தி மாத்தி உக்காருறோம். ஒரு பொழுது விடலம்மா. வேணும்னா பாத்துக்குங்க, மஞ்சள்ல நிக்க விட்டதே கெடையாது."

"மெசேஜுக்கெல்லாம் ரிப்ளை வந்திருக்கே சார்."

"அது எம் பொண்ணும்மா. படிச்ச பொண்ணு."

"சார்," என்று ஆரம்பித்து அந்தப் பெண் நிறுத்தினாள். "கம்பெனி சிஸ்டத்த வேற யாரும் தொடவே கூடாது சார். உடம்பு சரியில்லன்னு ஒரு மெயில் போட்டிருந்தா மெடிக்கல் லீவு குடுத்திருப்பாங்க. சம்பளமும் வந்திருக்கும், ஆஸ்பத்திரி செலவும் கம்பெனி இன்ஷூரன்ஸ்ல போயிருக்கும்."

"லீவு கேட்டா வேற ஆளு போட்டுடமாட்டாங்களாம்மா?"

மேலே பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அவள் வைத்துவிட்டாள். அவள் குரல் தழுதழுத்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கையில் கிடைத்திருந்தால் அவளை இரண்டு அறை விட்டிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். பாவம், அவளுக்கும் மேலே யாரோ ப்ளீஸ் போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

வேலை போய்விட்டது. காரணம் என்று அவர்கள் போட்டிருந்த சொல்லுக்குத் தமிழில் மோசடி என்று பொருள். இனி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பழைய இடத்தில் விசாரிப்பார்கள், விசாரித்தால் இதைத்தான் சொல்வார்கள். லேப்டாப்பை வாங்கிப் போகக் கூரியர் ஆள் வந்தார். அப்பா அதைத் துண்டால் துடைத்துக் கொடுத்து, "நல்லா ஓடுதுங்க, ஒரு பழுது கெடையாது, பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி தூங்கினான். குறட்டை விட்டுத் தூங்கினான். மறுநாள் வெயில் ஏறியும் எழுந்திருக்காமல் கிடந்தவனை மூச்சு வருகிறதா என்று நாங்கள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தோம். அம்மா வேலை போனதற்கு அழுவதா, பிள்ளை தூங்குகிறான் என்று சாமிக்குத் தேங்காய் உடைப்பதா என்று தெரியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதும் எங்கள் மண்டையில் உறைக்கவில்லை.

வேலை அழுத்தத்தால் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று டிவியில் யாராவது பேசினால் நான் இப்போது கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்கிறேன். அவர்கள் கோடியில் பேசுகிறார்கள். எனக்குக் கோடி தெரியாது. எங்கள் வீட்டு நஷ்டம் தெரியும். மேல் தளத்துத் தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன, கம்பியில் துரு ஏறிவிட்டது. அம்மா தான் வளர்த்த ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாள். அப்பா குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த வயதில் மறுபடியும் அடுத்தவர் வரப்பில் கூலிக்கு நிற்கிறார். தம்பிக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள், ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் விலகினார்கள். அடிக்கடி லீவு போட்டதால் என்னைச் சேலைப் பிரிவிலிருந்து உள்பாவாடைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கமிஷன் கிடையாது.

கம்பெனிக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. தம்பியோடு முன்பு வேலை பார்த்த பையன் ஒருவன் பார்க்க வந்தான். தம்பி இருந்த இடத்துக்கு மூன்று பேரை எடுத்தார்களாம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அவர்கள் முழித்தார்களாம். வெளிநாட்டுக் கடைக்காரன் கோபித்துக்கொண்டு வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டானாம். பின்னால் மூன்று பேரைப் போட முடிந்தவர்களுக்கு, முன்னால் ஒரே ஒருவனைத் துணைக்குப் போட மனம் வரவில்லை. இவர்களெல்லாம் கணக்குப் படித்தவர்கள்.

தம்பி இப்போது எழுந்து நடமாடுகிறான். சாப்பிடுகிறான், எப்போதாவது என்னை வம்புக்கு இழுக்கிறான். பாபநாசத்தில் ஓர் உரக்கடையில் வேலை. அங்கே பில் போடக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையை வாங்கிக்கொண்டான். எங்கள் வீட்டில் எந்தப் போனும் சத்தம் போடாது. பக்கத்து வீட்டில் யார் போனாவது டிங் என்றால் அவன் கையிலிருக்கும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவான்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். தஞ்சாவூர் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாள்.

வேலை போய்ச் சில வாரங்கள் கழித்து, கடைக்குத் துணி எடுக்க வந்த ஒரு நர்ஸ் சொல்லித்தான் அந்த மனநல டாக்டரிடம் போனோம். அவர் தம்பியைத் தனியாக வைத்து நெடுநேரம் பேசினார். பிறகு அப்பாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். இது சோம்பேறித்தனமில்லை, நடிப்பில்லை, மருந்து இருக்கிறது, நாளாகும், ஆனால் சரியாகும் என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "முடியாமப் படுத்ததுக்கு அப்பறம் வேலைத் தொந்தரவு நின்னுடுச்சில்ல? அந்த மெசேஜ் சத்தம் எதுவும் காதுல விழாம இருந்தாரா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. "தெரியாமதானே செஞ்சீங்க," என்றார். "ஆனா அந்தச் சத்தம் கேட்ட வரைக்கும் அவரு வேலையிலதாங்க இருந்திருக்காரு. ஒரு நாள்கூட லீவு இல்ல. ஆரம்பத்துலயே அத நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

கும்பகோணம் பஸ்ஸில் மூன்று பேருக்கும் ஒரே சீட்டில் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. தம்பி ஜன்னலோரம், நடுவில் அப்பா, இந்தப் பக்கம் நான். இரண்டு பக்கமும் தாளடி நன்றாகத் தூர் கட்டி நின்றது. அப்பா எந்த வயலையும் பார்க்கவில்லை. பயிரைப் பார்த்தால் எதையாவது குறை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அய்யம்பேட்டை தாண்டியதும், தம்பி கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து பேசினார்.

"நடவுக்கு முடியாதவனுக்கு மாத்தாளு போனா, அவன் வீட்டுல நிம்மதியாப் படுத்துக் கெடப்பான். நாம அவன் தலைமாட்டுலயே உக்காந்து நட்டிருக்கோம் பாப்பா."

"தெரிஞ்சா செஞ்சோம்? விடுப்பா."

"தூங்குறான்னுல்ல நெனச்சேன். அவன் கையப் புடிச்சி நான்தானே வெப்பேன். தூங்குறான்னே நெனச்சேன்."

"தூங்கலப்பா," என்றான் தம்பி. கண்ணைத் திறக்கவில்லை. "முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அப்பா அவன் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் அவர் தோள் என் தாடையில் இடித்தது.

"அப்பறம் ஏன் தம்பி சொல்லல? அத நிறுத்துப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கி வாய்க்கால்ல போட்டிருப்பேனே!"

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார், நான் காட்டினேன், அவர் போனார்.

"பச்சை வந்தா நீ அவ்வளவு சந்தோஷப்பட்ட," என்றான் தம்பி. "எப்படிப்பா சொல்றது."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பாபநாசம் வரும்வரை அதை எடுக்கவில்லை.